ரத்தப் பரிசோதனை ஊருக்கு வரட்டும்

மணியாச்சிக்குப் பக்கத்தில் உள்ள புளியம்பட்டி அந்தோணியார் கோவிலுக்கு மனநோயாளிகளை அழைத்து வந்து, மாதக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களைக் கரிசல் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. சாதி, மதம் பாராமல் வருகிறார்கள். இவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஏசுவது பட்டணத்துப் பழக்கம். ஆனால் இப்படி வருகிறவர்கள் எல்லோரும் டாக்டரையே பார்க்காதவர்கள் இல்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்களும் அவர்களில் உண்டு. மாத்திரை கொடுத்தும் காதுக்குள் கேட்கும் குரல் அடங்கவில்லை என்றால் தாயும் தகப்பனும் வேறு எங்கே போவார்கள்?

மனச்சிதைவு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், ஒலான்சபின் போன்றவற்றில் இரண்டை, சரியான அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு வாரமாவது கொடுத்தும் நோய் தணியவில்லை என்றால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு என்கிறார்கள். அப்படி முடிவு கட்டும் முன் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். மாத்திரை உண்மையிலேயே வயிற்றுக்குள் போனதா? நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக் கொல்லைப்புறத்தில் துப்புகிறவர்கள் உண்டு. 'தூக்க மாத்திரைதானே' என்று வீட்டாரே பாதியில் நிறுத்துவதும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஃப்ளூபெனசின் ஊசியே போதுமானதாக இருக்கலாம்.

ஊசியும் கேட்காதபோது கைகொடுக்கும் மருந்து குளோசபின். 1988இல் அமெரிக்காவில் ஜான் கேனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், எந்த மருந்துக்கும் அசையாத 268 நோயாளிகளுக்கு ஆறு வாரம் சிகிச்சை தரப்பட்டது. குளோர்புரோமசின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4 பேர் தேறினார்கள், குளோசபின் சாப்பிட்டவர்களில் 30 பேர். தற்கொலை முயற்சியைக் குறைப்பதிலும் இது மற்ற மருந்துகளை முந்துகிறது. 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதுவகை மருந்து பற்றிப் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயில் குளோசபினுக்கு ஈடு என்று எதுவும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

அப்படியிருந்தும் டாக்டர்கள் இதை எழுதத் தயங்குகிறார்கள். 1975இல் பின்லாந்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் திடீரென்று சரிந்தன. எட்டுப் பேர் தொற்று கண்டு இறந்தார்கள். பல நாடுகள் மருந்தை ஒதுக்கி வைத்தன. வெள்ளை அணுக்களைத் தவறாமல் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது திரும்பி வந்தது. ஆபத்து நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, அதிலும் முதல் 18 வாரங்களில்தான் அதிகம். அந்த வாரங்களில் வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்து, அணுக்கள் குறையத் தொடங்கியதும் மருந்தை நிறுத்தினால் உயிர்ச்சேதம் மிக அரிதாகிவிடுகிறது. 2025இல் அமெரிக்க அரசு, ரத்த அறிக்கையைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் மாத்திரை என்ற கெடுபிடியையே விலக்கிக்கொண்டது. நோயாளிக்கு மருந்து போய்ச் சேர அதுவே தடையாக இருக்கிறது என்பதுதான் காரணம். பரிசோதனை வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

இங்கே தடை வேறு. ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் அதற்காக ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ வாராவாரம், 18 வாரம் போய்வர வேண்டும் என்றால்? தனியாக அனுப்ப முடியாத நோயாளி, கூடவே ஓர் ஆள். தீப்பெட்டி ஆபீசிலோ மிளகாய்ப் பிஞ்சையிலோ கூலிக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு வாரமும் ஒருநாள் கூலி போகும். மூன்றாவது வாரமே வராமல் போவார்கள் என்பது டாக்டருக்குத் தெரியும். அதனால் குளோசபினை விட்டுவிட்டு, இருக்கிற மருந்துகளில் இரண்டு மூன்றைச் சேர்த்து எழுதி அனுப்புகிறார். அந்தக் கலவைக்குப் பலன் உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. நோயாளி ஊதிப்போகிறார், கை நடுங்குகிறது, குரல் மட்டும் நிற்பதில்லை.

டாக்டரின் தயக்கம் புரிகிறது. அரசின் தயக்கம்தான் புரியவில்லை. குளோசபின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அப்பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு நிலையங்களிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. அந்தப் பிரிவு மருந்தைத்தான் பேசுகிறது. ஆனால் ரத்தம் பார்க்காமல் கொடுக்கக் கூடாத மருந்தை, ரத்தம் பார்க்க வழி செய்யாமல் இலவசம் என்பது ஏட்டுச் சுரைக்காய்.

வழி செய்ய முடியாத மாநிலமும் அல்ல இது. மருந்துக் கொள்முதலுக்கு 1994இலேயே தனிக் கழகம் கண்ட மாநிலம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தப் பட்டியலில் மனச்சிதைவு நோயாளியையும் சேர்க்க வேண்டும். மருந்தை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் தொடங்கட்டும். வாராந்திர ரத்தத்தை வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்து, அன்றே எண்ணிக்கையை அவருடைய போனுக்கு அனுப்பட்டும். கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம் ஆகிய மூன்று வட்டாரங்களில் முதலில் செய்து பார்க்கலாம். ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் ஏற்பாடு இருப்பதுபோல் புளியம்பட்டியிலும் வாரம் ஒருநாள் மருத்துவர் உட்காரட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டுண்டு 28 மனநோயாளிகள் எரிந்து இறந்த பிறகுதான் இந்த நாட்டுக்கு விழிப்பு வந்தது. அடுத்த ஏற்பாட்டுக்கும் ஒரு சாவு தேவைப்படக் கூடாது.

மருந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. இரவெல்லாம் எச்சில் ஊறித் தலையணை நனையும். உடம்பு பெருக்கும், சர்க்கரை ஏறும். வெளியே சொல்லக் கூச்சப்படும் மலச்சிக்கல்தான் மிகவும் மோசம், குடலே அசையாமல் நின்று உயிரைக் குடித்துவிடும். பீடிப் புகை இந்த மருந்தைக் கல்லீரலில் வேகமாகச் சிதைப்பதால், நாளுக்கு ஒரு கட்டு பீடி இழுத்தவர் திடீரென்று நிறுத்தினால் அதே அளவு மாத்திரை அவருக்கு அதிகமாகிவிடும். இவையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரியும். தெரிய வேண்டியது கிராம சுகாதாரச் செவிலியருக்கு. குளோசபின் சாப்பிடுகிறவர் காய்ச்சல், தொண்டைவலி என்று வந்தால் பாரசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அன்றைக்கே ரத்தம் எடுக்க வேண்டும் என்ற ஒற்றை உத்தரவைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் சுவரில் ஒட்டுவதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.