முதுமை: தேய்மானமா, நிற்காத வளர்ச்சியா?

உடம்பு ஒரு இயந்திரம். ஓட ஓடத் தேயும், ஒருநாள் நின்றுவிடும். முதுமைக்குப் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம் இதுதான். ஆனால் வெறும் தேய்மானம்தான் காரணமென்றால், சுண்டெலி மூன்று ஆண்டுகளில் கிழடு தட்டிப்போக, அதைவிடச் சிறிய சில வௌவால்கள் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது எப்படி? தேய்மானத்தின் வேகத்தையே மரபணுக்கள்தானே தீர்மானிக்கின்றன?

அப்படியென்றால் "இந்த வயதில் சாக வேண்டும்" என்று மரபணுவில் எழுதியிருக்கிறதா? பசிபிக் சால்மன் மீனைக் காட்டி அப்படி வாதிடுபவர்கள் உண்டு. முட்டையிட்டதும் அது செத்துவிடும். ஆனால் இனப்பெருக்க உறுப்புகள் வளரும் முன்பே அகற்றப்பட்ட கோகனி சால்மன்கள் வழக்கத்தைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததை ராபர்ட்சன் 1961-ல் காட்டினார். சாவுக்கென்று தனித் திட்டம் தேவையில்லை; வளர்ந்து இனம் பெருக்கும் திட்டமே உயிரைக் குடிக்கிறது.

1957-ல் ஜார்ஜ் வில்லியம்ஸ் சொன்னதும் இதையொட்டியதுதான். இளமையில் நன்மை செய்யும் மரபணு, பிற்காலத்தில் கெடுதல் செய்தாலும் நிலைத்துவிடும். பிள்ளை பெற்ற பிறகு நடப்பதை இயற்கைத் தேர்வு அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. 2006-ல் பிளாகோஸ்க்லோனி இதை இன்னும் நீட்டினார்: வளர்ச்சித் திட்டம் வேலை முடிந்தும் அணைக்கப்படாமல் ஓடுவதே முதுமை என்றார். வீடு கட்டி முடிந்த பிறகும் கொத்தனாரை யாரும் போகச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டே இருக்கிறார். கண்ணின் வில்லை வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது. அது இறுகிப்போய், நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வருகிறது.

ஆதாரம்? ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில் டாஃப்-2 என்ற மரபணு குன்றினால் ஆயுள் இரட்டிப்பாகிறது என்று சிந்தியா கென்யனின் குழு 1993-ல் கண்டது. இளம்புழு வளர்வதா, உறக்கநிலைக்குப் போவதா என்று முடிவு செய்வதிலும் இதே மரபணுவுக்குப் பங்கு உண்டு. 2002-ல் அதே ஆய்வகத்தில், புழு முழு வளர்ச்சி அடைந்த பிறகு மட்டும் அதை அடக்கியபோதும் ஆயுள் நீண்டது. எலிகளில், செல் வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் என்ற புரதத்தை ராபமைசின் அடக்குகிறது. 600 நாள் வயதான எலிகளுக்குக் கொடுத்தும் ஆயுள் கூடியதாக 2009-ல் ஆய்வு வெளியானது.

இதனால் தேய்மானம் பொய் என்றாகிவிடாது. டி.என்.ஏ. சேதமும் உண்மை. ஆனால் அதை மட்டுமே பார்த்ததற்கு விலை கொடுத்தாயிற்று. ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் என நம்பப்பட்ட பீட்டா கரோட்டினை ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது என்று 1994-ல் தெரிந்தது. இன்றும் அதே நம்பிக்கையில்தான் "இளமை மாத்திரைகள்" விற்பனையாகின்றன.

அதற்காக நாளைக்கே ராபமைசின் விழுங்கலாம் என்று அர்த்தமில்லை. உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கக் கொடுக்கும் மருந்து அது. புழுவும் எலியும் மனிதனும் ஒன்றல்ல. ஆனால் கேள்வியை மாற்றியாக வேண்டும். "எது தேய்ந்தது?" என்று மட்டும் கேட்டால் போதாது, "எது இன்னும் நிற்காமல் ஓடுகிறது?" என்றும் கேட்க வேண்டும். "வயசானா அப்படித்தான்" என்று பெரியவர்களின் நோயைத் தட்டிக்கழிக்கும் பழக்கம் அப்போதுதான் ஒழியும்.