திரை விழுந்த பின்னும்

நடிகை என்றவுடன் நம்மிற் பலருக்கு ஆடம்பரமும் புகழும் மட்டுமே நினைவுக்கு வரும். அந்த ஒளிக்குப் பின்னால் ஒரு தாயின் கண்ணீர் இருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணுவதில்லை. அமெரிக்க நாடகமேடையின் தலைமகள் எனப் போற்றப்பெற்ற ஹெலன் ஹேஸ் அம்மையாரின் வாழ்க்கையை இவ்விதழில் சற்றுச் சிந்திப்போம்.

1900 அக்டோபர் 10ஆம் நாள் வாஷிங்டன் மாநகரில் பிறந்த இவர், ஐந்து வயதிலேயே மேடையேறினார். 1935இல் 'விக்டோரியா ரெஜினா' நாடகத்தில் இளங்கன்னியாய்த் தோன்றி முதிய கைம்பெண்ணாய் முடியும் விக்டோரியா அரசியின் வேடம் இவருக்கு அழியாப் புகழ் தந்தது.

புகழின் உச்சியில் இருந்தபோது, 1949இல் பேரிடி விழுந்தது. அன்னையும் அருமை மகள் மேரியும் ஒரே நாடகத்தில் நடித்துவந்த வேளையில், மகள் இளம்பிள்ளை வாதத்தால் மாண்டாள். அவளுக்கு வயது 19. அந்நோய்க்கு அன்று தடுப்பு மருந்து இல்லை. தம் துயரத்தை வீட்டிற்குள் பூட்டிக்கொள்ளாத அம்மையார், அந்நோயை ஒழிக்கும் இயக்கத்திற்கு நிதி திரட்ட முன்வந்தார். 1955இல் மருத்துவர் ஜோனஸ் சால்க் கண்ட தடுப்பூசி பயன் தருவதாக அறிவிக்கப்பட்டது. மேரிக்குக் கிட்டாத காப்பு, பிறர் பெற்ற மக்களுக்குக் கிட்டியது. அடுத்த ஆண்டே கணவர் சார்லஸ் மக்ஆர்தரும் மறைந்தார்.

இதற்கிடையில் தொலைக்காட்சி என்னும் புதுக்கலை வளர்ந்து வந்தது. அக்காலத் தொலைக்காட்சி நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாகவே ஒளிபரப்பாயின. பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்த வேண்டும். காமிராவின் முன்னிலோ புருவ அசைவும் மிகையாகிவிடும். பெரும்பெயர் பெற்றபின்னும் புதிதாய்க் கற்கத் தயங்காத ஹேஸ், 1953இல் தொலைக்காட்சி நடிப்புக்குரிய எம்மி விருதைப் பெற்றார்.

மேடைத் தூசி ஒவ்வாமல் ஆஸ்துமா முற்றியதால், 1971இல் அவர் நாடகமேடையை விட்டு விலக நேர்ந்தது. அவரது இறுதி நாடகம் வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. எழுபதைக் கடந்த மூதாட்டி ஓய்ந்துவிடுவார் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் 1973இல் 'ஸ்னூப் சிஸ்டர்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் துப்புத் துலக்கும் முதியவளாக வந்தார். வளர்ப்பு மகன் ஜேம்ஸ் மக்ஆர்தர் நடித்துவந்த 'ஹவாய் ஃபைவ்-ஓ' தொடரில் 1975இல் அவனுக்கே அத்தையாக நடித்தார். 1983லும் 1985லும் அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள் வேடம் பூண்டபோது எண்பதையும் தாண்டியிருந்தார். திரைப்படம், நாடகம், தொலைக்காட்சி, இசைத்தட்டு ஆகிய நான்கிற்கும் அமெரிக்காவில் வழங்கப்படும் தலையாய விருதுகளை ஒருங்கே பெற்ற முதற் பெண் இவரே. நியூயார்க் மாநிலத்தில் ஊனமுற்றோருக்கு மறுவாழ்வு தரும் மருத்துவமனைக்கு நெடுங்காலம் துணைநின்றார். 1974இல் அதற்கு இவர் பெயரே சூட்டப்பட்டது. அமெரிக்கக் கத்தோலிக்கருக்கு நோத்ர தாம் பல்கலைக்கழகம் வழங்கும் லெத்தாரே பதக்கம் 1979இல் இவரைத் தேடி வந்தது.

1993 மார்ச் 17ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தபோது, நியூயார்க் நாடக அரங்குகள் தம் விளக்குகளைச் சற்று நேரம் மங்கச்செய்து அஞ்சலி செலுத்தின.

அன்பான பெற்றோரே! மகளையும் கணவரையும் மேடையையும் இழந்த பின்னும் இப்பெண்மணி தமக்கென ஒரு பணியைத் தேடிக்கொண்டார். நம் இல்லங்களிலோ, பணி ஓய்வு பெற்ற தந்தையையும் கணவனை இழந்த தாயையும், "இனி உங்களுக்கென்ன வேலை? சும்மா இருங்கள்" என்று திண்ணையோடு நிறுத்திவிடுகிறோம். அன்பினாலேயே சொல்கிறோம் என்றாலும், அச்சொல் அவர்களை வாட்டுகிறது. பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரட்டும். அண்டை வீட்டு நோயாளியைச் சென்று பார்க்கட்டும். அவர்கள் கையில் ஒரு வேலையை நம்பி ஒப்படைப்பதும் நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதையே.