குதிரை வாங்கும் முன்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கத்தியவார், மார்வாரிக் குதிரைகளைப் பார்த்ததுமே விலை பேசத் தோன்றும். உடனே பேசிவிடாதீர்கள். விலை ஒருமுறைதான், தீனியும் லாடமும் 25 வருடத்துக்கு மேலும் நீளலாம். இதைவிடப் பெரிய விஷயம், குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. கடும் வயிற்றுவலி கண்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடக்கூடும். நள்ளிரவில் கூப்பிட்டால் வருகிற, குதிரை வைத்தியம் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால் வாங்குவதே தப்பு என்பேன். கூட்டமாக வாழும் பிராணியைத் தனியே கட்டிப்போடுவதும் கொடுமைதான். ஒரு வருடமாவது வேறொருவர் லாயத்தில் லத்தி அள்ளி, உடம்பு தேய்த்துவிட்டு, ஏறிப் பழகுங்கள். அதன் பிறகும் ஆசை குறையவில்லையா? குட்டி வேண்டாம், நன்கு பழக்கிய, 10 வயது தாண்டிய குதிரையாகப் பார்த்து வாங்குங்கள்.