களைக்கொல்லியைத் தாங்கும் நெல்: குழாயில் ஜெயித்தால் போதுமா?

காரைக்கால் கோவில்பத்துப் பக்கத்து விவசாயியிடம் நேரடி விதைப்பில் கையைக் கடிக்கும் செலவு எது என்று கேட்டால், களை என்றுதான் சொல்வார். கடைமடைக்கு ஆற்றுநீர் தாமதமாக வருவதால் புழுதியில் விதைக்கிறோம். வயலில் நீர் நிறுத்த முடியாத முதல் மாதத்தில் நெல்லுச் சக்களத்தியும் கோரையும் நெல்லோடு போட்டியிட்டு வளர்கின்றன. களையெடுக்க ஆளும் கிடைப்பதில்லை. ஆகவே, களைக்கொல்லி தெளித்தாலும் சாகாத நெல் என்றால் நமக்கு ஆசை வருவது இயல்பே.

அத்தகைய நெல் வந்துவிட்டது. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021ஆம் ஆண்டில் பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்ற இரு ரகங்களை வெளியிட்டது. இவை இமாசிதாபிர் என்ற மருந்தைத் தாங்கும். இதற்கு மூலமான நெல், நாகினா 22 ரகத்தில் திடீர் மாற்றம் உண்டாக்கிக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது. வேறு உயிரின் மரபணு இதில் இல்லை.

இதன் சூட்சுமம் ஒரு நொதியில் இருக்கிறது. அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் என்ற அந்த நொதி, செடிக்குத் தேவையான மூன்று அமினோ அமிலங்கள் உண்டாக உதவுகிறது. அதற்கு இரு கூறுகள்: வேலை செய்வது ஒன்று, அந்த வேலையைக் கட்டுப்படுத்துவது மற்றொன்று. வேலை செய்யும் கூறின் வாசலை மருந்து அடைத்துவிட, செடி பட்டினியால் சாகிறது. ஆராய்ச்சியாளர்கள் செடியின் மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்தி, இக்கூறை மட்டும் தனியே தயாரித்து, குழாயில் மருந்தோடு கலந்து சோதிக்கிறார்கள். மருந்து எங்கே போய் அடைக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2006ல் இவ்வழியில்தான் காட்டினார்கள். புதிய நெல்லில் இக்கூறின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் மருந்து அங்கே பிடிப்பதில்லை.

குழாய் சொல்வது இவ்வளவே. வயல் சொல்வது வேறு. ஒரே மாற்றத்தில் நெல் தப்புமானால், களையும் தப்பும். அமெரிக்காவில் 2002ல் இத்தகைய நெல் சாகுபடிக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அங்குள்ள களை நெல், பயிரோடு கலந்து அதே குணத்தைப் பெற்றுவிட்டது.

நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நெல்லுக்கு இப்போது தெளிக்கும் பிஸ்பைரிபாக் சோடியமும் இதே நொதியைத்தான் தாக்குகிறது. அறுவடைக்குப்பின் வரும் உளுந்திலும் இமாசிதாபிர் தெளிப்பதுண்டு. பெயர் வேறானாலும் அடிக்கும் இடம் ஒன்றே. இந்த நெல்லும் சேர்ந்தால், ஆண்டு முழுவதும் ஒரே பூட்டை ஒரே சாவியால் திறப்பதாகும். தப்பிய களை விதைத்துப் பெருகினால், கைவசமுள்ள மருந்துகளும் பயனற்றுப் போகும்.

ஆகையால் இந்தக் குணமுள்ள ரகம் நம் பகுதிக்கு வருமுன், காரைக்கால் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி நெல், உளுந்து இரண்டையும் சேர்த்துச் சில பருவங்கள் நம் வயலிலேயே சோதிக்க வேண்டும். எந்த நொதியைத் தாக்கும் மருந்து என்பதை ஒவ்வொரு புட்டியிலும் தமிழில் தெளிவாக அச்சிட வேண்டும். விவசாயிகளும் இந்த ரகத்தை அடுத்தடுத்த பருவங்களில் அதே வயலில் விதைக்கலாகாது. மருந்துக்குத் தப்பிய களையைக் கதிர் முற்றுமுன் கையால் பிடுங்கிவிட வேண்டும். நல்ல மருந்தைக் காப்பாற்றுவதும் நிலத்தைக் காப்பாற்றுவது போன்றதே.