சரவாங்கிக்குக் காரணம் சக்திக் குறைவா?

மூட்டு வீங்கினால் உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதாம். சீந்தில் கசாயம் குடித்து அதை ஏற்றிவிட்டால் சரவாங்கி (முடக்குவாதம்) ஓடிவிடுமாம். தருமபுரிப் பக்கம் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்கிற வைத்தியம் இது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். சொல்வது தவறு.

முதலில், இந்த மாவட்டத்தில் மூட்டுவலி எல்லாமே சரவாங்கி அல்ல. ஆழ்துளைக் கிணற்று நீரில் மூட்டைப் பாதிக்கும் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் இங்கே ஏராளம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் திறக்கப்பட்டது. பல்லில் பழுப்புக் கறை, வளையாத முதுகு என்றால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் வீங்கி, மணிக்கணக்கில் மடக்க முடியாமல் போனால் சரவாங்கியைச் சந்தேகிக்கலாம். ஆன்டி-சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை அதைக் கண்டறிய உதவும்.

சரவாங்கியில் சக்தி குறைவதில்லை. வேலியே பயிரை மேய்கிறது: உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது. அப்படி மேயவிடாமல் தடுக்கும் காவல் அணுக்கள் உடம்பிலேயே உண்டு என்று 1995-இல் எலிகளில் காட்டினார் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. அவற்றை இயக்கும் மரபணு பழுதானால் உடம்பு தன்னையே தாக்கும் என்று 2001-இல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் கண்டார்கள். மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு. ஆக, இங்கே தேவை அடக்குவது. ஏற்றிவிடுவதல்ல.

“பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?” கொரோனா காலத்தில், 2020 கடைசியில், சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். தன்னெதிர்ப்பு நோயில் காணும் அடையாளங்கள் அதில் இருந்தன. அது வேறு இனக் கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. இருக்கட்டும், வேலியில் படர்ந்ததைப் பறிக்கிறவருக்கு எந்த இனம் என்று எப்படித் தெரியும்?

“இங்கிலீஷ் மாத்திரை மொத்த எதிர்ப்பையும் அமுக்கிவிடுகிறது” என்ற குறையில் மட்டும் நியாயம் உண்டு. தொற்று எளிதாக ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் விஞ்ஞானிகள், தாக்கப்படும் அந்த ஒரு புரதத்தை மட்டும் ‘இது நம்முடையது’ என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறார்கள். எளிதாக இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோய் வரக்கூடியவர்களுக்கு இன்சுலினை வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். நோயைத் தடுக்க முடியவில்லை. 2022-இல் அமெரிக்கா அனுமதித்த டெப்லிசுமாப் என்ற வேறு வகை மருந்து அந்த நோயைச் சராசரியாக இரண்டு ஆண்டுதான் தள்ளிப்போட்டது. ஜெர்மனியின் எர்லாங்கனில் மரபணு மாற்றிய தங்கள் அணுக்களையே ஏற்றிக்கொள்ளும் கார்-டி சிகிச்சை பெற்ற, லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் கொண்ட ஐந்து பேர் மருந்தை நிறுத்தினார்கள். அதுவும் எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி அணுக்களை ஒட்டுமொத்தமாகத் துடைத்தெடுக்கும் முறைதான். சரவாங்கிக்கு ஒரு புரதத்தை மட்டும் குறிபார்க்கும் மருந்து எதுவும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

அதுவரை மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள்தான். மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கசாயம் குடிப்பவராக இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்; இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காமல் போகலாம்.