ஆற்றங்கரைப் பாதைக்கு மண் போதும்

காலையில் நாலு எட்டு நடக்க நினைக்கும் பாளையங்கோட்டைக்காரர்கள் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சைக்கிள் மிதிக்க ஆசைப்படும் பிள்ளைகள் வண்ணார்பேட்டையில் பஸ்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இத்தனைக்கும் திருநெல்வேலி டவுனுக்கும் பாளைக்கும் நடுவில் வற்றாத தாமிரபரணி ஓடுகிறது. குறுக்குத்துறையிலிருந்து மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை வழியாக மணிமூர்த்தீஸ்வரம் வரை, படித்துறைகளை இணைத்து ஒரு நடைபாதையும் சைக்கிள் தடமும் வேண்டும். அது மண் பாதையாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றங்கரையை அழகுபடுத்துவது என்றாலே நம் பொறியாளர்களுக்கு அகமதாபாத்தின் சபர்மதிதான் நினைவுக்கு வருகிறது: இரு கரையிலும் கான்கிரீட் சுவர், மேலே உலாவிடம், நடுவே கால்வாய்போல் அடங்கிய தண்ணீர். மதுரையிலும் வைகையின் இரு கரைகளில் சுவரெழுப்பிச் சாலை போட்டாகிவிட்டது. அந்த வரைபடத்தைத் தாமிரபரணிக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்துவிட்டார்கள் என்றே அர்த்தம். அன்று கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. கைப்பிடிக் கம்பியும் டைல்ஸும் அந்த ஆற்றுக்கு எம்மாத்திரம்?

வெள்ளத்தோடு எப்படி வாழ்வது என்பதற்குப் பாடம் வெளியூரில் இல்லை. ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது குறுக்குத்துறை முருகன் கோயில். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் பொருள்களையும் கரையிலுள்ள மேலக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோயில் மூழ்கும். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூஜை தொடங்கும். பாதையும் அப்படித்தான் இருக்க வேண்டும்: மூழ்கட்டும், வடிந்த பிறகு நாலு லோடு மண் அடித்தால் சரியாகிவிட வேண்டும். நிழலுக்கு மருதும் இலுப்பையும் போதும்; நர்சரியிலிருந்து அலங்காரப் பனை வாங்க வேண்டாம்.

ஆற்றங்கரையோடு இது நின்றுவிட வேண்டியதும் இல்லை. பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய் என்று அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரைகள், கால்வாய்க் காவலர்களான லஸ்கர்கள் நடந்து பழகிய தடங்கள். புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. கரை பலவீனமாகிவிடும், மடையில் யாராவது கை வைப்பார்கள் என்று விவசாயிகள் அஞ்சுவது நியாயம். அதனால் கால்நடையாக வருவோருக்கும் சைக்கிளுக்கும் மட்டுமே அனுமதி. பைக் நுழையாதபடி கல் நட வேண்டும். கார், பிசான நெல் சாகுபடிகளுக்குத் தண்ணீர் திறக்கும் நாட்களில் கரையில் முதல் உரிமை விவசாயிக்குத்தான்.

முதலில் சாக்கடையை நிறுத்துங்கள், பிறகு பாதை பற்றிப் பேசலாம் என்று சிலர் சொல்வார்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே ஆற்றின் நிலையை நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது உண்மை. கழிவுநீர் முழுவதும் ராமையன்பட்டிக்குப் போய்ச் சுத்திகரிக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் பாதையை அதுவரை தள்ளிப்போடுவது தவறு. ஆள் நடமாட்டம் இல்லாத கரையில்தான் குப்பை லாரி இருட்டில் வந்து கவிழ்கிறது. தினமும் ஐந்நூறு பேர் நடந்தால் எந்த ஓடையில் என்ன நிறத்தில் தண்ணீர் வருகிறது என்பதை அந்த ஐந்நூறு பேரும் பார்ப்பார்கள், மறுநாள் மாநகராட்சியில் போய்க் கேட்பார்கள். குடிகாரர்களுக்கு வசதியாகிவிடும் என்ற கவலைக்கும் பதில் இதுவே. படித்துறைகளில் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் பாதை போட்டதால் வந்தவை அல்ல. பெண்கள் உடை மாற்ற அறையும், ஊருக்குள் மட்டும் விளக்கும் இருந்தால் போதும்.

ஊரைத் தாண்டினால் விளக்கு கூடாது. ஆற்றில் நீர்நாய்கள் உண்டு. திருப்புடைமருதூரில் பறவைகளுக்குக் காவலாக நின்ற ஊர் மக்களால் அந்த இடம் 2005-ல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே போகும் பாதை அவர்கள் சம்மதத்தோடுதான் போக வேண்டும்.

இன்னொன்று. கொக்கிரகுளம் கரையில் 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் பேரணியில் 17 உயிர்கள் போயின. செல்ஃபி எடுக்க இடம் ஒதுக்கும் திட்டக்காரர்கள், அவர்களுக்காக ஒரு கல்லுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் நீர்வளத் துறை, மாநகராட்சி, விவசாய சங்கங்கள் மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே குறுக்குத்துறை முதல் சுலோசன முதலியார் பாலம் வரையிலான முதல் பகுதியை அளந்து, ஆக்கிரமிப்புகளை அகற்றி, மக்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் சிமென்ட் என்ற சொல் இருந்தால் அதில் கையெழுத்திடக் கூடாது.