காமிரா மாட்டியாச்சு, சாவி யார் கையில்?

தாம்பரம் சண்முகம் சாலையில் ராத்திரி ஷட்டரை இழுத்து விடும் கடைக்காரர், பூட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் ரெயில் ஏறுவார். ஆனால் கடைக்குள் இன்னொரு கதவு ராத்திரி பகலாகத் திறந்து கிடக்கிறது. அதுதான் இன்டர்நெட் பெட்டி, ரவுட்டர்!

லைன் கொடுக்க வந்த ஆசாமி ஆணி அடித்தார், பெட்டியை மாட்டினார், பச்சை விளக்கு எரிந்தது, காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெட்டியின் யூசர் பெயர் "அட்மின்". பாஸ்வேர்டும் "அட்மின்". கம்பெனி வைத்ததை யாரும் மாற்றுவதில்லை. கேட்டால், "நம்ம கடைக்குள்ள எவன் சார் வரப்போறான்?"

எவன் வருவான் என்பது 2016-லேயே தெரிந்துவிட்டது. "மிராய்" என்று ஒரு களவாணி புரோகிராம். உலகம் பூராவும் ரவுட்டர், காமிராக்களின் கதவைத் தட்டியது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பாஸ்வேர்டுதான். எல்லாம் கம்பெனி வைத்தவை. லட்சக்கணக்கான பெட்டிகள் விழுந்தன. அவற்றை ஏவிவிட்டு, அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் ட்விட்டர் வரை முடக்கிவிட்டார்கள். பெட்டிக்குச் சொந்தக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் போலீஸ்

2008 ஜூலை 26. ஆமதாபாத்தில் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு மிரட்டல் ஈமெயில் பறந்தது. போலீசார் தடம் பிடித்துப் போய் நின்றது, நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் வீட்டு வாசலில்! அவருடைய வைஃபையில் எவனோ புகுந்து அனுப்பிவிட்டான். விசாரணை என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அடுத்த இரண்டு மாதத்துக்குள் மும்பையில் ஒரு காலேஜ், ஒரு கம்பெனியின் வைஃபையும் இதே மாதிரி மாட்டியது.

இப்போது வைஃபைக்குப் பாஸ்வேர்டு போடும் பழக்கம் வந்துவிட்டது. என்ன பாஸ்வேர்டு? கடை போர்டில் எழுதியிருக்கும் போன் நம்பர்!

பார்ப்பது யார்?

தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் 2022 ஜனவரி 1-ந் தேதி வந்தது. செயின் பறிப்பு என்றால் போலீசார் முதலில் தேடுவது காமிராவைத்தான். கடைக்காரர்களும் மாட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் வீட்டிலிருந்து போனில் பார்க்க வழி செய்த காமிராவை, பாஸ்வேர்டு தெரிந்த எவனும் பார்க்கலாம். குஜராத் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியின் காமிராவில் பதிவான பெண்களின் படங்கள் 2025 பிப்ரவரியில் விலைக்குப் போனது தெரிந்து நாடே திடுக்கிட்டது. புதுக் காமிராக்களைச் சோதித்துத்தான் விற்கவேண்டும் என்று அந்த ஏப்ரலில் மத்திய அரசின் விதி வந்தது. சரி, ஏற்கெனவே மாட்டியவை?

"காமிரா மாட்டு" என்று சொல்லும் போலீசாரும் வியாபாரிகள் சங்கமும், "பாஸ்வேர்டை மாத்தினியா?" என்றும் கேட்கவேண்டும். காசு செலவில்லாத வேலை. ரவுட்டருக்கும் காமிராவுக்கும் தனித்தனியாக நீளமான பாஸ்வேர்டு. வாடிக்கையாளர் கேட்டால் கொடுக்க "கெஸ்ட்" வைஃபை. பில் போடும் கம்ப்யூட்டர் இருக்கும் லைனைக் கொடுக்கக் கூடாது. வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வசதியை அணைத்துவிடலாம். கம்பெனி தரும் அப்டேட்டைப் போடவேண்டும். குரோம்பேட்டையில் நாலு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் ஆபீசானாலும் இதேதான்.

இதையெல்லாம் செய்து தராமல் லைன்மேன் கையில் பணம் கொடுக்கக் கூடாது. முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். புதுப் பாஸ்வேர்டு மறந்துபோகும் என்றால் காகிதத்தில் எழுதிக் கல்லாவுக்குள் வைக்கலாம். கவுண்டர் கண்ணாடியில் ஒட்டாமல் இருந்தால் சரி.